புதிதாக வைத்த லாவெண்டர் வாடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, கொடைக்கானல் போய்வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு லாவெண்டர் தொட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெங்களூர் நர்சரிகளிலிருந்து பார்சலிலும் வருகிறது. வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் செடி அழகாக இருக்கும். அப்புறம் நுனி தொங்கும், அடி இலை மஞ்சளாகும், ஒரு கிளை காயும். அந்த நேரத்தில் எல்லோர் மனதிலும் எழும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். சென்னை, திருச்சி, மதுரை, கோவை மாதிரி ஊர்களில் மாடியிலோ பால்கனியிலோ தொட்டியில் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

நட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, கிளை நுனியெல்லாம் தொங்குகிறது. செடி போய்விடுமா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். தொட்டி மாற்றும்போது, கண்ணுக்கே தெரியாத மெல்லிய வேர்கள் நிறைய அறுந்துபோகும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த வேர்கள்தான். மேலே இலை எப்போதும்போல ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், கீழே வேரால் அந்த அளவுக்குக் கொடுக்க முடியாது. புது வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கொஞ்சம் வாட்டம் இருக்கத்தான் செய்யும்.

எந்த நேரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தலை சாய்ந்து, சாயங்காலம் வெயில் இறங்கியதும் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. காலை ஆறு மணிக்கே, ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பிறகும் தொங்கிக்கொண்டு இருந்தால், வேரில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். நம் ஊரில் புது லாவெண்டர் சாவதற்கு முதல் காரணமே இதுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

லாவெண்டர் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் செடி. கல்லும் சுண்ணாம்பும் கலந்த மலைச் சரிவுகளில், மழை பெய்தால் அடுத்த நிமிடமே வடிந்துவிடும் மண்ணில் வளர்ந்து பழகியது. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி. சாம்பல் பூத்த மாதிரி தெரியும் இலைகளைக் கிட்டத்தில் பாருங்கள், மேலே நுண்ணிய ரோமம் படர்ந்திருக்கும். ஈரத்தை வீணாக்காமல் வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. இப்படி ஒரு செடியைத் தினமும் தண்ணீர் தேங்கும் மண்ணில் வைத்தால் அது தாங்காது.

வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டிப் போகும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். நாம் அதைப் பார்த்து, ஐயோ காய்கிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். இந்தச் சமயத்தில்தான் பைட்டோப்தோரா, பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் வேருக்குள் புகுகின்றன. இவை ஈர மண்ணில் நீந்திப் பரவும் வகை. சூடும் ஈரமும் சேர்ந்த மண் கிடைத்தால் சில நாட்களிலேயே வேரழுகல் முற்றிவிடும்.

தண்ணீர் கூடிப்போனதா, குறைந்துபோனதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் கலந்த மண்ணில் இது ரொம்ப சகஜம். விரல் போதாது என்றால் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு கறுத்து வந்தால் ஈரம் இருக்கிறது.

தண்ணீர் குறைந்த செடியில் இலை விறைப்பாக, மொரமொரவென்று இருக்கும். கசக்கினால் பொடியும், வாசனை வரும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும். தண்ணீர் கூடிய செடியில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்போ கறுப்போ ஆகித் துவண்டு தண்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்திருக்கலாம். வடிகால் துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள், சாக்கடை வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது?

நாள் கணக்கு சொன்னால் அது தவறாகத்தான் போகும். மே மாதத்தில் வெயில் கொளுத்தும் மொட்டை மாடியில், சின்ன மண் தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம். டிசம்பரில் அதே தொட்டிக்கு வாரம் ஒருமுறையே அதிகம். மேலிருந்து இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியே வரும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். அப்புறம் திரும்பக் காயும் வரை தொடாதீர்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பது எல்லாவற்றையும்விட மோசம். மேல்மண் மட்டும் நனையும், அடிவேருக்கு ஒன்றும் போகாது, தண்டைச் சுற்றி எப்போதும் ஈரம் நிற்கும்.

லாவெண்டர் வறட்சியைத் தாங்கும் என்று படித்துவிட்டு, புதிதாக நட்ட செடியை அடியோடு காயவிடுபவர்களும் இருக்கிறார்கள். வறட்சியைத் தாங்குவது வேர் நன்றாக ஊன்றிய செடி. புதுச் செடிக்கு முதல் இரண்டு மாதம் கவனிப்பு வேண்டும்.

இன்னொரு விஷயம். நர்சரியில் செடியோடு வரும் மண்கட்டி பெரும்பாலும் முழுக் கோகோபீட்தான். நாம் சுற்றிப் போடுவது மணல் கலந்த மண். இரண்டும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. சுற்றிலும் காய்ந்திருக்கும்போது நடுக்கட்டி ஊறிக் கிடக்கும். கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றியதெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் விரல் வைத்துப் பார்க்கும்போது தொட்டி ஓரத்தில் பார்க்காமல், தண்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். நடும்போதே அந்தக் கட்டியின் வெளிப்பக்கத்தை விரலால் லேசாக உதிர்த்துவிட்டு நட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அடி இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன. மேலே நன்றாக இருக்கிறது.

நாலைந்து இலை என்றால் விட்டுவிடுங்கள். இடம் மாறிய செடி பழைய இலைகளை உதிர்க்கும், நிழல் விழும் உள்பக்க இலைகளும் உதிரும். வாரா வாரம் மஞ்சள் மேலேறிக்கொண்டே போனால்தான் வேரைப் பார்க்க வேண்டும்.

இலை நுனி மட்டும் கருகுகிறது. தண்ணீர் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

போர் தண்ணீரா? அப்படியென்றால் உப்பாக இருக்கலாம். வாளியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பற்றி லாவெண்டருக்குக் கவலையில்லை, அதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கிறதே, அந்த உப்புதான் பிரச்சினை. மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மூன்று மடங்கு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். வெயில் அடிக்கும் நாளில் காலையில் செய்யுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. உரம் போட்ட பத்து நாளுக்குள் நுனி கருகியிருந்தால் உரத்தைச் சந்தேகப்படுங்கள்.

முழு வெயில் வேண்டும் என்கிறார்கள். வெயிலில் வைத்தால் கருகுகிறதே?

முழு வெயில் வேண்டும் என்பது உண்மைதான். தினமும் ஆறு மணி நேர நேர் வெயில் இல்லாவிட்டால் செடி நெட்டையாக வளர்ந்து சாயும், பூக்காது. ஆனால் உங்கள் செடி அதுவரை நிழல்வலைக்கு அடியில் இருந்தது. வந்த அன்றைக்கே மொட்டை மாடியில் வைத்தால் தாங்காது. முதல் நான்கு நாள் வெளிச்சமான நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஏப்ரல், மே, ஜூனில் சமவெளியில் நிலைமை வேறு. பதினொரு மணிக்கு மேல் விழும் வெயிலை ஐம்பது சதவீத நிழல்வலை கட்டித் தடுத்துவிடுங்கள். தளம் கொதிக்கும் சூடு தொட்டிக்குள் ஏறாமல் இருக்க, இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள். அடித்துளை அடைபடாமல் தண்ணீர் வடியவும் அதே செங்கல் உதவும். சென்னையில் எனக்குப் பகல் சூட்டைவிட ராத்திரிதான் கவலை தருகிறது. கோடையில் இரவு வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது, காற்றில் ஈரமும் அதிகம். மலையில் பிறந்த செடிக்கு மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை. செடிகளை நெருக்கி வைக்காமல் காற்றோட்டமாக வைப்பது வெயிலைக் குறைப்பதற்குச் சமமான வேலை.

எந்த மண் கலவையில் வைப்பது?

தக்காளிக்கும் கத்தரிக்கும் போடும் மாடித்தோட்டக் கலவையை, அதாவது மூன்றில் ஒரு பங்கு கோகோபீட், இன்னொரு பங்கு தொழு உரம் என்ற கணக்கை, இதற்குப் போடாதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, பெர்லைட்டோ (பொரித்த எரிமலைக் கல்லின் லேசான வெள்ளைத் துகள்) சிறு ஜல்லியோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. மணல் பருமனாக இருக்கட்டும், மாவு மாதிரி நைசான மணல் மண்ணை இறுக்கிவிடும். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நைசான மண்ணிலிருந்து ஜல்லிக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுதாக ஊறிய பிறகுதான் சொட்டும். ஈரம் நிற்கும் பகுதி வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடும். ஜல்லியைக் கலவைக்குள்ளேயே கலந்துவிடுங்கள்.

தொட்டி அளவிலும் கவனம் வேண்டும். ஆறு அங்குலப் பையில் வந்த செடிக்கு எட்டு அங்குலத் தொட்டி போதும். பெரிதாக வளரட்டும் என்று பதினைந்து அங்குலத்தில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பூசாத சுட்ட மண் தொட்டிதான் என் தேர்வு. குரோ பேக்தான் இருக்கிறது என்றால் பக்கவாட்டிலும் கூடுதலாக நாலு துளை போடுங்கள்.

மூடாக்கு போடுவதென்றால் வெள்ளைக் கூழாங்கல்லோ சிறு ஜல்லியோ பரப்புங்கள். தேங்காய் மட்டை, காய்ந்த சருகு வேண்டாம், தண்டைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வாடிய செடிக்குப் பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர், அரிசி கழுவிய தண்ணீர் கொடுக்கலாமா?

எதுவும் கொடுக்காதீர்கள். இவையெல்லாம் நல்ல பொருட்கள்தான், முருங்கைக்கும் மிளகாய்க்கும் தாராளமாகக் கொடுங்கள். வேர் அடிபட்டிருக்கும் நேரத்தில் எந்தச் சத்தையும் இந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. அரிசித் தண்ணீரும் மோரும் மண்ணில் புளித்து, இருக்கும் காற்றையும் தீர்த்துவிடும். செடி தேறிப் புதுத் துளிர் விட்ட பிறகும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து அதிகமானால் இலை தளதளவென்று வளரும், வாசனை குறையும், கொஞ்சம் மழைக்கே அழுகும்.

பூவோடு வாங்கி வந்தேன். பூவை வெட்டிவிட வேண்டுமா?

மனசு வராதுதான். ஆனால் வெட்டுங்கள். வேர் பிடிக்க வேண்டிய தெம்பைப் பூ தின்றுகொண்டிருக்கும். பூக்காம்போடு சேர்த்து, அதற்குக் கீழே ஒரு ஜோடி இலை வரைக்கும் வெட்டலாம்.

அதற்குமேல் கவாத்து இப்போது வேண்டாம். பின்னாளில் கவாத்து செய்யும்போதும் இலையுள்ள பச்சைப் பகுதியில் மட்டும் வெட்டுங்கள். அடியில் பழுப்பாக, மரமாகிப்போன பகுதியில் வெட்டினால் லாவெண்டர் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. மல்லிகையை ஒட்ட வெட்டிப் பழகியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வேரழுகல்தான் என்று தெரிந்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் தண்டைக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். நுனியில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வாருங்கள். அடிவரை பழுப்பாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பச்சை இருந்தால், செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். ஊறிய மண்ணை உதிர்த்துவிட்டு வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். அந்த வேர்களையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலே உள்ள பச்சையையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். புதுக் கலவையில், சின்னத் தொட்டியில் நட்டு, ஒருமுறை அளவாக ஊற்றி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கிடைத்தால் புதுக் கலவையில் ஒரு ஸ்பூன் கலக்கலாம். அது நோய் வராமல் தடுக்க உதவும், அழுகிய வேரை மீட்டுத் தராது.

இதோடு கட்டாயம் இன்னொன்றும் செய்யுங்கள். வெட்டி எடுத்த பச்சை நுனிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பூ இல்லாத, மூன்று நான்கு அங்குலக் குச்சிகளாகப் பார்த்து, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலும் பெர்லைட்டும் கலந்ததில் குத்தி வையுங்கள். நிழல் போதும். மூன்று முதல் ஐந்து வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி பிழைப்பதைவிடக் குச்சி பிழைக்கும் வாய்ப்புதான் பெரும்பாலும் அதிகம். வாட்டம் தெரிந்தவுடனே நாலு குச்சி எடுத்து வைத்துவிடுங்கள், முற்றிய பிறகு எடுத்தால் வேர் வராது.

எல்லாம் சரியாகச் செய்தும் நிற்கவில்லை. ரகம் காரணமாக இருக்குமா?

இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் பிரான்சின் புரோவான்ஸ் வயல்களில் இருப்பது அங்குஸ்டிபோலியா என்ற லாவெண்டர் இனமும் அதன் கலப்பினமான லாவண்டினும். அங்குஸ்டிபோலியா குளிர்காலம் கேட்கும் செடி. இந்தியாவில் அது நன்றாக வருவது ஜம்மு காஷ்மீரில். தோடா மாவட்டத்து பதர்வாவில், அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் நறுமணப் பயிர்த் திட்டத்தில் விவசாயிகள் மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே பனி விழும். அதே செடியை மதுரையில் எதிர்பார்ப்பது செடிக்குச் செய்யும் கொடுமை.

சமவெளிக்கு இலை ஓரத்தில் பல் பல்லாக வெட்டு இருக்கும் டென்டேட்டாவும், இலை பெரணிபோலப் பிரிந்திருக்கும் மல்டிபிடாவும் ஓரளவு ஒத்துவரும். பூங்கொத்தின் உச்சியில் முயல் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டோக்கஸ் பெங்களூர் வரைக்கும் பரவாயில்லை. இன்னொரு தகவல்: பைப்பின்னேட்டா என்ற லாவெண்டர் இனம் நம் தக்காணத்திலேயே காட்டுச் செடியாக வளர்கிறது. நர்சரிக்காரர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கும்.

வாங்கியது லாவெண்டர்தானா என்றும் ஒருமுறை பாருங்கள். ஊதாப் பூக்கும் சால்வியாவையும் ஏஞ்சலோனியாவையும் லாவெண்டர் என்று சொல்லி விற்பதுண்டு. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், எந்த வாசனையும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் லாவெண்டராக இருக்காது. சால்வியாவாக இருந்தால் இங்கே சொன்னதைவிடத் தண்ணீர் அதிகம் கேட்கும்.

ஊட்டி, கொடைக்கானலில் இருக்கிறோம். குளிர் இருக்கிறதே, இங்கேயும் ஏன் வாடுகிறது?

குளிர் சரி, மண் சரியில்லை. தேயிலை நன்றாக வருகிறது என்றாலே அது புளிப்பு மண். லாவெண்டருக்கு நேர் எதிர். மண் பரிசோதனை செய்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவுக்கு வேளாண் சுண்ணாம்போ டோலமைட்டோ கலந்து, தரைமட்டத்திலிருந்து ஓர் அடி உயர்த்திய மேட்டுப்பாத்தியில் நடுங்கள். தொடர் மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் புதிதாக நட வேண்டாம், மழை ஓய்ந்த பிறகு நடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் என்ன செய்வது?

தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள், அவ்வளவுதான். சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது. திறந்த மாடியில் இருக்கும் இளம் லாவெண்டர் அதைத் தாண்டுவது கஷ்டம். அதனால் சமவெளியில் புதிதாக வாங்க நல்ல நேரம் மழை முடிந்த ஜனவரி. வெயில் ஏறுவதற்குள் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும்.

பூச்சியாக இருக்குமா?

வாடலுக்குப் பூச்சி காரணமாவது குறைவு. இலை மங்கி, புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். கோடையில் வரும். காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், மாலைக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். மாவுப்பூச்சி, அசுவினிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். வாடிக்கிடக்கும் செடிக்கு முன்னெச்சரிக்கையாக எதையும் அடிக்காதீர்கள்.

செடி போய்விட்டது. அதே தொட்டியில், அதே மண்ணில் வேறு லாவெண்டர் வைக்கலாமா?

அதே மண் வேண்டாம். அழுகல் கிருமி மண்ணில் தங்கியிருக்கும், ரோஸ்மேரிக்கும் அந்த மண் ஆபத்து. மண்ணை லேசாக நனைத்து, தெளிவான பாலிதீன் உறையில் கட்டி, ஏப்ரல், மே வெயிலில் மாடியில் ஆறு வாரம் போட்டு வைத்தால் கிருமி பெருமளவு குறையும். அதற்குப் பிறகும் அதைச் சாமந்திக்கோ கீரைக்கோ பயன்படுத்துங்கள். தொட்டியை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துவிட்டுத் திரும்ப எடுக்கலாம்.